சின்ன ஊர் சுற்றுலாத் தகவல் மையத்துக்குப் போவதால் பயன் உண்டா?

தூரதேசம்:
அடுத்த மாதம் குடும்பத்தோடு ஒரு சின்ன ஊருக்குப் போகிறோம். அம்மாவுக்கு மூட்டு வலி, கூடவே சின்னப் பையன் வேறு. ஊர் நடுவில் தகவல் மையம் இருப்பதாக மேப்பில் காட்டுகிறது. எல்லாம்தான் போனிலேயே கிடைக்கிறதே, அங்கே போய் என்ன கேட்பது?

நடைவழி:
கண்டிப்பாகப் போங்கள், ஊருக்குள் நுழைந்ததும் அதுதான் முதல் வேலை. போனில் இருப்பது யாரோ எப்போதோ எழுதியது. நேற்றைய மழையில் எந்தப் பாதையில் மரம் விழுந்தது, எந்த அருங்காட்சியகத்தைப் பராமரிப்புக்காக மூடியிருக்கிறார்கள் என்பதெல்லாம் கவுண்டரில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஆனால் "இங்கே பார்க்க என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டால் எல்லோருக்கும் கொடுக்கிற அதே விளம்பரத் தாளைத்தான் நீட்டுவார்கள். "மூன்று மணி வரைதான் இருப்போம், கார் இருக்கிறது, அம்மாவால் படி ஏற முடியாது" என்று சொல்லிப் பாருங்கள், வரைபடத்தை மேசையில் விரித்து, பேனாவால் இரண்டு இடங்களை வட்டமிட்டு, கோட்டைக்குப் பின்பக்கமாகப் போனால் படியே இல்லை, வண்டி வாசல் வரை போகும் என்று காட்டுவார்கள். மூன்றாவது இடம் இன்றைக்கு வேண்டாம், நேரம் பத்தாது என்று அடித்தும் விடுவார்கள். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய உதவி.

கடைசிபஸ்:
போவதற்கு முன்பே ஒரு போன் செய்துவிடுங்கள். சின்ன ஊர்களில் பல மையங்களைத் தன்னார்வலர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள், மதியம் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போவார்கள், சீசன் இல்லாத மாதங்களில் சில நாள் திறப்பதே இல்லை. பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பி வரும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு, ஞாயிற்றுக்கிழமையும் ஓடுமா என்று கேட்டு வைப்பது நல்லது.

சாலையோரம்:
சரி, ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். சில இடங்களில் சந்தா கட்டும் விடுதிகளைத்தான் பட்டியலில் போடுவார்கள், அதனால் பட்டியலில் இல்லாத இடம் ஏதாவது உண்டா என்று தனியாகக் கேளுங்கள். அப்புறம், டூர் ஏஜென்சிகளும் வாசலில் 'தகவல்' என்று பலகை மாட்டுவதுண்டு. நகராட்சியோ அரசோ நடத்துகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

தூரதேசம்:
நன்றி. சக்கர நாற்காலி இரவல் கிடைக்குமா என்றும் அவர்களிடமே கேட்கலாமா?

நடைவழி:
தாராளமாக. அவர்களிடம் இல்லாவிட்டாலும் யாரிடம் இருக்கிறது என்று சொல்வார்கள். அதை மட்டும் முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள்.