மறு: ஃபேன் ஷ்ரவுட் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களில் எஞ்சின் சூடேறுவதைத் தடுப்பது பற்றிய கையேட்டுக்காக, ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவே பூட்டும் ‘ஃபேன் ஷ்ரவுட்’ என்ற கூட்டுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். இதுவரை விசிறி உறை, விசிறிக் கவசம், விசிறிப்புனல் என்று மூன்று வந்திருக்கின்றன. முதல் இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து. மூன்றாவது பொருளுக்கு மிக அருகில் வருகிறது, ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்பாசடரையே எடுத்துக்கொள்வோம். மோரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த வண்டி, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். வாட்டர் பம்ப் புல்லியின் மேலேயே விசிறி பூட்டியிருக்கும். ஒரே பெல்ட்தான் இரண்டையும் சுற்றுகிறது. நெடுஞ்சாலையில் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும், விசிறிக்குப் பெரிய வேலை இல்லை. மே மாத மதியத்தில் சென்னை கத்திப்பாரா நெரிசலில் ஊர்ந்து போகும்போதுதான் சோதனை. எஞ்சின் ஐடிலில் ஓடுகிறது, அதனால் விசிறியும் பம்ப்பும் மெதுவாகவே சுற்றுகின்றன. எதிர்க்காற்றும் கிடையாது. விசிறி இழுக்கிற கொஞ்சக் காற்றாவது முழுக்க ரேடியேட்டர் வழியாக வர வேண்டும். வருவதில்லை. ரேடியேட்டர் செவ்வகம், விசிறி வட்டம். மூலைகளுக்கு இழுவை சரியாகப் போய்ச் சேராது. அதைவிட மோசம், இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாக எஞ்சின் பக்கத்துச் சூடான காற்றே வளைந்து வந்து மறுபடி விசிறிக்குள் நுழைகிறது. ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவது போலத்தான். உறிஞ்சுவதில் குறையில்லை, இளநீர்தான் வருவதில்லை.

இந்த ஓட்டையை அடைப்பதுதான் நாம் பெயர் தேடும் பாகம். ரேடியேட்டரின் பின்முகத்தை நான்கு ஓரமும் ஒட்டிப் பிடித்துக்கொண்டு, விசிறிப் பக்கம் வட்டமாகக் குறுகும் ஒரு தகர அல்லது பிளாஸ்டிக் கூடு. அதன் வேலை விசிறியைப் பாதுகாப்பது இல்லை. விசிறி இழுக்கும் காற்று ரேடியேட்டரின் முழுப் பரப்பின் வழியாகவும் வரும்படி செய்வதுதான்.

‘உறை’, ‘கவசம்’ இரண்டும் தவறு என்பதற்குக் காரணம் இதுவே. ஆங்கிலச் சொல்லுக்குப் போர்த்துவது, மூடுவது என்று பொருள் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நாமும் மூடியைத் தேடுகிறோம். பட்டறைகளில் ‘ஃபேன் கவர்’ என்கிறார்கள். கவர் என்றால் கை படாமல் இருக்க வைத்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பெல்ட் மாற்றக் கை நுழையவில்லையா, கழற்றி ஓரமாக வைத்துவிடலாம், கவர்தானே! பிறகு சிக்னலில் தண்ணீர் கொதிக்கிறது என்று ரேடியேட்டருக்குள் கம்பி விட்டு அடைப்பெடுப்பார்கள், தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போடுவார்கள், பெரிய ரேடியேட்டர் தேடி அலைவார்கள். கழற்றிய தகரம் அங்கேயே துருப்பிடித்துக் கிடக்கும். கையேட்டிலும் ‘கவசம்’ என்று அச்சடித்தால் இந்த நினைப்புக்கு நாமே முத்திரை குத்திக் கொடுத்ததாகும்.

‘விசிறிப்புனல்’ சொன்ன அம்மையாருக்கு என் பாராட்டு. புனல் என்றால் எண்ணெய் ஊற்றும் ஃபன்னல், ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல் என்ற வடிவத்தை அது பிடித்துவிட்டது. ஆனால் நம் தொழில்நுட்பத் தமிழில் புனலுக்குத் தண்ணீர் என்ற பொருளும் உண்டு. புனல் மின்நிலையம் என்றுதானே எழுதுகிறோம்? வாட்டர் பம்ப்பும் விசிறியும் ஒரே தண்டில் இருக்கும் இடத்தில் ‘விசிறிப்புனல்’ என்றால், புதிதாகப் படிப்பவர் அதைத் தண்ணீர் ஓடும் பாகமாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

நான் முன்வைப்பது குவிகூடு. பரந்த பரப்பிலிருந்து வரும் காற்றை விசிறியின் வட்டத்துக்குள் குவிக்கும் கூடு. வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது. ‘குவிக்கூடு’ என்று எழுத வேண்டாம். பள்ளிப் பாடத்தில் குவிலென்ஸ் என்று வருவதால் வெளிப்பக்கம் வளைந்த கூடு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்கலாம். குவிலென்ஸ் ஒளியைக் குவிக்கிறது, இது காற்றைக் குவிக்கிறது. இரண்டும் ஒத்துத்தான் போகின்றன.

இந்தச் சொல்லிலிருந்து துணைச்சொற்களும் எளிதாக வருகின்றன. விசிறி சுற்றும் வட்டத் துவாரம் குவிகூட்டு வாய். இறக்கை அகலத்தில் ஏறத்தாழப் பாதி வாய்க்குள்ளும் மீதி வெளியிலும் இருக்க வேண்டும். இறக்கை நுனிக்கும் வாயின் விளிம்புக்கும் ஏறக்குறைய ஒரு அங்குலம் விட வேண்டும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் ஆடுகிறது, ரேடியேட்டரோ பாடியோடு நிற்கிறது. நெருக்கி வைத்தால் இறக்கை உரசும். மின்விசிறி என்றால் அதைக் கூட்டிலேயே பூட்டலாம், இவ்வளவு இடைவெளி தேவையில்லை. ஆனால் அதில் வேறு தொல்லை: வேகமாகப் போகும்போது கூடே எதிர்க்காற்றைத் தடுக்கும். அதனால் சில கூடுகளில் காற்றழுத்தத்தில் தானே திறக்கும் ரப்பர் துண்டுகள் வைப்பார்கள். அவற்றைக் குவிகூட்டு மடல் எனலாம்.

டிரையம்ஃப் டிஆர்6 போன்ற கார்களில் கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஓர் அட்டை இருக்கும். முன்னால் நுழையும் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடாமல் தடுப்பது அது. அதையும் குவிகூடு என்று சொல்லிவிடக் கூடாது. நம் ஊர்ச் சொல்லான ‘தட்டி’ அதற்குக் கச்சிதம்: காற்றுத் தட்டி.

அப்புறம், ரேடியேட்டரைக் ‘கதிர்வீசி’ ஆக்க வேண்டும் என்று குழுவில் ஓர் ஐயா கேட்டிருந்தார். பணிவுடன் மறுக்கிறேன். அந்தச் சூட்டில் பெரும்பகுதியைக் கொண்டுபோவது தகடுகளின் நடுவே ஓடும் காற்றுதான். கதிர்வீச்சின் பங்கு சிறியது. ஆங்கிலத்தில் உள்ள பிழையைத் தமிழுக்குக் கொண்டுவருவானேன்? எல்லோருக்கும் தெரிந்த ரேடியேட்டர் அப்படியே இருக்கட்டும்.

சொற்பட்டியலில் இப்படிப் போடலாம்:

குவிகூடு – ரேடியேட்டரின் பின்முகத்தை விளிம்போடு பொருந்தி மூடி, விசிறி இழுக்கும் காற்று முழுவதும் ரேடியேட்டர் வழியாகவே வரச் செய்யும் கூடு. பட்டறை வழக்கு: ஃபேன் கவர். கழற்றினால் திரும்பப் பூட்டாமல் வண்டியை ஓட்டக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் மோரிஸ் மைனர் வைத்திருக்கும் நண்பர்கள் குழுவில் இருந்தால், அங்குள்ள கராஜ்களில் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள். வேறு நல்ல வழக்கு இருந்தால் அதையும் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்