புதுப்பிப்பு: பேட்டரி விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் அணைந்துவிட்டன

முன்பு எழுதியது சுருக்கமாக: என் பழைய காரில் ஹெட்லைட், ஏசி இரண்டும் ஓடும்போது பேட்டரி விளக்கு மினுக்கும், கொஞ்ச நேரத்தில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கும் சேர்ந்துகொள்ளும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மாற்றிவிடு என்றுதான் பலரும் சொன்னார்கள். மாற்றவில்லை, அது நன்றாகவே இருக்கிறது.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது ஆல்டர்னேட்டரிலேயே அளந்தால் 14.2 வோல்ட், பேட்டரியில் 13-ஐத் தாண்டவில்லை. அப்புறம் எஞ்சின் ஓட, விளக்குகள் எரிய, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்தேன். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது, 0.9 காட்டியது. எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டைதான் (மின்சாரம் திரும்பிப் போகும் பின்னல் கம்பி) காரணம். போல்ட்டுக்கு அடியில் பச்சையாகப் பூத்து, பின்னல் பாதி அறுந்து கிடந்தது. உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புதுப் பட்டை போட்டதும் இரண்டு விளக்கும் போய்விட்டன. வோல்ட் குறைந்தாலே ஏபிஎஸ் தன்னை நிறுத்திக்கொள்ளும் என்பதால், அந்தப் பக்கம் எதையுமே தொட வேண்டியிருக்கவில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதையும் பாருங்கள், எனக்கு இது உண்மையிலேயே கவலை தரும் விஷயம்: எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால் எஞ்சின் ஆயில் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் சிவப்பு ஆயில் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லையா, பல்பு போயிருக்கலாம், அல்லது முன்பு வைத்திருந்தவர் கழற்றியிருக்கலாம். ஓடும்போது அது எரிந்தால் உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.