வியட்நாம் போர்க் குலுக்கல் நேர்மையானதா?

வைகைக்கரையான்:
பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெரியவர் 1969 டிசம்பர் 1 ராத்திரியைப் பற்றிச் சொன்னார். வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க, 1944 முதல் 1950 வரை பிறந்தவர்களின் பிறந்த தேதிகளைக் குலுக்கிய ராத்திரி. கல்லூரி விடுதியில் ஒரே டிவி, முன்னால் அத்தனை பையன்கள். தேதிச் சீட்டு அடைத்த குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள்; தேதி வந்த வரிசைதான் எண், சின்ன எண்காரருக்கு முதல் அழைப்பு. முதல் குப்பியில் வந்தது செப்டம்பர் 14. பின்வரிசையில் ஒருவன் பீர் கேனைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனானாம். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இவருக்கு 300-க்கு மேல் எண், தப்பித்தார். என்னைக் கேட்டால் அது நேர்மையான முறைதான். முன்பு ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் உள்ளூர் வாரியம் வைத்ததுதான் சட்டம், 26 வயது வரை தலைக்கு மேல் கத்தி. குலுக்கலில் முதலாளி மகனுக்கும் ஒரு சீட்டு, கூலிக்காரர் மகனுக்கும் ஒரு சீட்டு.

கீதா டெட்ராய்ட்:
தப்பித்தவர் சொன்னால் நேர்மையாகத்தான் தெரியும் அண்ணா! என் பழைய மேலாளர் பிறந்தது டிசம்பர் 30. மூன்றாவதாக வந்த தேதி. அவர் அப்போது கார் தொழிற்சாலையில் வேலை. அம்மா அடுப்பை அணைத்தவர் மறுபடி பற்றவைக்கவே இல்லையாம், பாதி வெந்த உருளைக்கிழங்கு காலை வரை அப்படியே கிடந்ததாம். சீட்டு எல்லோருக்கும் ஒன்றுதான், சரி. ஆனால் கல்லூரிப் பையன் படிப்பைக் காட்டித் தள்ளிப்போடலாம். இவர் எதைக் காட்டுவார்?

குடவோலை:
சீட்டே ஒழுங்காகக் கலக்கப்படவில்லை. ஜனவரியில் தொடங்கி மாதம் மாதமாகப் பெட்டியில் போட்டார்கள், சரியாகக் கலக்காமல் ஜாடியில் கொட்டினார்கள். கடைசியில் போட்ட மாதங்கள் சீக்கிரம் கைக்கு வந்தன. டிசம்பரின் 31 நாட்களில் 26 நாட்கள் முதல் 183 எண்களுக்குள் மாட்டின. உத்திரமேரூரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடத்தை நன்றாகக் குலுக்கச் சொல்லிக் கல்லில் வெட்டி வைத்தார்கள். அதுவும் ஊர்ச்சபைத் தேர்தலுக்கு!

வைகைக்கரையான்:
கலக்கியவர் சொதப்பினால் முறையே தப்பாகிவிடுமா? 1970 ஜூலைக் குலுக்கலில் தேதிக்கு ஒரு உருளை, எண்ணுக்கு ஒரு உருளை என்று வைத்துத் திருத்திக்கொண்டார்களே. மாணவர் சலுகையையும் 1971-இல் புதிதாகச் சேர்பவர்களுக்கு நிறுத்தினார்கள்.

கீதா டெட்ராய்ட்:
திருத்தியதெல்லாம் அடுத்து வந்தவர்களுக்கு. 69-இல் விழுந்த எண்ணை யாரும் மாற்றவில்லை. அதை வைத்துத்தான் 195 வரை கூப்பிட்டார்கள்.

குடவோலை:
வைகை சார், ஒரு சின்னக் கேள்வி. உங்கள் பெரியவர் எந்த மாதம் பிறந்தவர்?

வைகைக்கரையான்:
இப்போதுதான் வேலிப்பக்கம் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். மார்ச்.

குடவோலை:
அந்தக் குலுக்கலில் சராசரியாகப் பெரிய எண்கள் விழுந்த மாதம் 🙂

வைகைக்கரையான்:
தெரியும், தெரியும். அதற்காக நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.