மண்டபம் (ராமநாதபுரம் மாவட்டம்) தெருக் குழு: தக்காளி இலை கருகுகிறது

ரேவதி: மாடியில் பையில் வைத்த தக்காளிக்கு இலை நுனியும் ஓரமும் பழுப்பாகிக் கருகுகிறது. பூ வந்தும் உதிர்கிறது. மண் மேலே வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கிறது. படம் போட்டிருக்கிறேன், பாருங்கள். மருந்து அடிக்கட்டுமா?

முனியசாமி அண்ணன்: அடிக்காதே தங்கச்சி. பூச்சி தின்றால் ஓட்டை விழும், சாறு உறிஞ்சினால் இலை சுருளும். இது உப்பு. போர் தண்ணீரா ஊற்றுகிறாய்?

ரேவதி: ஆமாம் அண்ணே. காவிரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான் சரியாக இருக்கிறது.

முனியசாமி அண்ணன்: வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கத் தெளிக்கப் பையிலேயே சேரும். அடியில் தட்டு வைத்திருக்கிறாயா?

ரேவதி: தளம் ஒழுகக் கூடாதென்று அத்தை வைக்கச் சொன்னார்கள்.

முனியசாமி அண்ணன்: முதலில் அதை எடு. வடிந்த உப்புத் தண்ணீரை மண் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. செங்கல் மேல் பையைத் தூக்கி வை, தளமும் காயும், அத்தையிடம் சொல். பொருக்கைச் சுரண்டித் தூரப் போடு. நல்ல தண்ணீர் கிடைக்கிற அன்று அடி ஓட்டை வழியாக ஓடுகிற வரை ஊற்று. கருகின இலை பச்சையாகாது, புதுத் துளிரைக் கவனி.

பரீதா லாத்தா: அரிசி, பருப்பு, கீரை கழுவின தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வை ரேவதி. நாலைந்து பைக்கு அதுவே பெரிய உதவி. மீன் கழுவினதும் ஊற்றலாம், கல்லுப்புப் போட்டு உரசினது மட்டும் வேண்டாம்.

பரீதா லாத்தா: அப்புறம், தேங்காய் நார்க்கழிவிலும் உப்பு உண்டு. அடுத்த பைக்குக் கலக்கும் முன் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசு. பிழிகிற தண்ணீர் கடுங்காப்பி நிறம் போய் வெளிற வேண்டும். செம்மண், நார்க்கழிவு, மக்கிய சாணி எரு மூன்றும் சம அளவு.

அந்தோணி மாமா: கரையில் ஒதுங்கின பாசி அள்ளித் தரட்டுமா? உரமாகுமே.

முனியசாமி அண்ணன்: நல்ல உரம்தான் மாமா. ஆனால் கொட்டி வைத்து நாலு மழையில் நனைய வேண்டும். இப்போதே போட்டால் உப்பு மேல் உப்பு.

அந்தோணி மாமா: சரி. காற்றையும் பாரம்மா. இதுவரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று, தெற்குக் கடல் பக்கம் மறைத்தால் போதும். வாடை தொடங்கினால் பாக் விரிகுடாப் பக்கமிருந்து வீசும், மறைப்பு வடக்கே போக வேண்டும். பனை ஓலைத் தட்டிதான் நல்லது, காற்றை வடிகட்டி விடும். தகரம் வைத்தால் காற்று முட்டிச் சுழன்று செடியை ஒடிக்கும்.

செல்வி அக்கா: எனக்குக் கேட்டால், வெயில் காலத் தக்காளியோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பேன். நமக்குக் காலம் ஐப்பசி, கார்த்திகைதான். புரட்டாசியிலேயே கொல்லைப் பாத்தியைக் கொத்தி ஆட்டுப்புழுக்கையும் எருவும் நிறையப் போட்டு வை. வெறும் மணல் எதையும் பிடித்து வைக்காது. முதல் இரண்டு மழையில் மேல்மண் உப்புக் கீழே இறங்கும், அதற்குப் பிறகு விதை போடு.

ரேவதி: என்ன போடலாம் அக்கா? பீன்ஸ்?

செல்வி அக்கா: பீன்ஸ் உப்பை அறவே தாங்காது. கொத்தவரை தாங்கும். பீட்ரூட்டும் ஓரளவு தாங்கும். தண்டுக்கீரை போடு. வேலியோரம் ஒரு முருங்கைக் கம்பு ஊன்று. முண்டு மிளகாய் இல்லாமல் பாத்தியே வைக்காதே. வானத்தை நம்பியே இந்த மண்ணில் காய்க்கிற மிளகாய், 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அதை விட்டுவிட்டுக் குடைமிளகாய் விதை தேடி அலைகிறார்கள், எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ரேவதி: முண்டு விதை கடையில் வாங்கவா?

செல்வி அக்கா: வேண்டாம், வீட்டில் வற்றல் இருக்கிறது. நன்றாகப் பழுத்துக் காய்ந்த உருண்டைக் காயாகப் பொறுக்கித் தருகிறேன், உதிர்த்துப் போட்டுக்கொள்.

பரீதா லாத்தா: கொத்தவரை விதை என்னிடம் இருக்கிறது. அஸர் தொழுகைக்கு அப்புறம் பிள்ளையை அனுப்பு, காகிதத்தில் மடித்து வைக்கிறேன்.

அந்தோணி மாமா: ஓலைத் தட்டி ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொண்டு வருகிறேன். கட்டக் கயிறு எடுத்து வையம்மா.