வாட்டர்ஷெட்: நீர்ப்பிடிப்புப் பகுதியா, வரத்துநிலமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

மழைநீர் வழிந்து ஓர் ஓடைக்கோ ஏரிக்கோ வந்து சேரும் நிலப்பரப்பு முழுவதையும் ஆங்கிலத்தில் வாட்டர்ஷெட் என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘நீர்ப்பிடிப்புப் பகுதி’யே போதும் என்று முந்தைய மடலில் எழுதியிருந்தீர்கள். கொடைக்கானலில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்க்கும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். நீர்ப்பிடிப்புப் பகுதி எங்கே என்று கேட்டால் எல்லா விரலும் ஏரியைத்தான் காட்டுகின்றன. அவர்கள் மேல் தப்பில்லை. பிடித்து வைத்த தண்ணீர் அங்கேதானே கிடக்கிறது! அரசு ஏடுகளில் வரும் ‘நீர்வடிப்பகுதி’யைச் சொன்னேன். “சோறு வடிக்கிற மாதிரியா சார்?” என்றான் ஒருவன்.

சரி, சொல்லை ஓரமாக வைத்துவிட்டு ஒரு பழைய தார்ப்பாயை எடுத்தோம். அடியில் செங்கல்லும் கல்லும் அடுக்கி அதை எங்கள் மலையாக்கி, நீல மை கலந்த தண்ணீரைப் பூவாளியால் தெளித்தோம். முகட்டில் விழுந்தது இரண்டாகப் பிரிந்து, மடிப்பு மடிப்பாக இறங்கி, இரு பக்கமும் தனித்தனிக் குட்டையாகத் தேங்கியது. தெற்குக் குட்டைக்கு வைகை என்று பேர் வைத்தோம். எங்கள் மலையின் பாம்பாறு கும்பக்கரையில் அருவியாக விழுந்து, வராக நதியோடு வைகைக்குத்தான் போகிறது. வடக்கே இறங்கும் வரதமாநதியும் பொருந்தலாறும் சண்முகநதியாகி, அமராவதியில் கலந்து, கரூர்ப் பக்கம் காவிரியைத் தொடுகின்றன. பழனியில் மொட்டை போட்டுக் குளிக்கிற தண்ணீர் நம் மலையுடையதா என்று ஒரு பெண்ணுக்கு ஒரே ஆச்சரியம். குனிந்து பார்த்துவிட்டு அவளே கேட்டாள்: “இந்தக் குட்டைக்கு அவ்வளவு மேலேயிருந்தா சார் வரத்து?”

வரத்து! கீழே கண்மாய்க்காரர்கள் வாயில் தினமும் புழங்கும் சொல். ‘வரத்துக்கால் தூர்ந்துபோச்சு’, ‘இந்த வருஷம் வரத்தே இல்லை’ என்பார்கள். கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலத்துக்கு ஆயக்கட்டு என்று பேர் இருக்கிறது. கண்மாய்க்குத் தண்ணீர் அனுப்பும் நிலத்துக்கு? அதற்குத்தான் ‘வரத்துநிலம்’ என்கிறேன். மறுநாள் அதே கேள்வியை இந்தச் சொல்லை வைத்துக் கேட்டேன். விரல்கள் ஏரியை விட்டுச் சுற்றியுள்ள மேடுகளுக்குப் போயின.

‘பிடிப்பு’ என்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சோலைக்காடும் புல்வெளியும் மழையைப் பிடித்து வைத்து, வெயில் காலத்திலும் ஓடையில் கசியவிடுகின்றன. ஆனால் அது அந்த நிலம் செய்கிற வேலை. அதன் எல்லையைச் சொல்லாது. காய்கறி வரத்தோடு குழம்பும் என்பவர்களுக்கு: நிலம் என்று சேர்த்துவிட்டால் யாருக்கும் தக்காளி நினைவுக்கு வராது. பெரிய ஆறுகளுக்குக் காவிரி வடிநிலம், வைகை வடிநிலம் எல்லாம் ஊன்றிவிட்டன, அவற்றைத் தொட வேண்டாம். ஓடை, குளம், அணை அளவுக்கு வரத்துநிலம் போதும்.

உப்பில்லாத தண்ணீரைக் குறிக்கும் ‘நன்னீர்’ என்ற சொல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதை மாற்ற வேண்டாம். தெருவிலேயே ‘நல்ல தண்ணி’ இருக்கிறது. உலகத் தண்ணீர் மொத்தமும் 20 லிட்டர் கேன் என்றால் நன்னீர் அரை லிட்டர். அதிலும் பெரும்பங்கு பனிக்கட்டி, அடுத்தது நிலத்தடி நீர். ஆறு, ஏரிகளுக்கு மிஞ்சுவது சுமார் ஒன்றரை மில்லி. மருந்து மூடியில் ஊற்றிக் காட்டியபோது வகுப்பில் சத்தமே இல்லை.

இன்னொன்று பாக்கி. ஆங்கிலத்தில் வாட்டர்ஷெட் என்ற இதே சொல் தண்ணீரைப் பிரிக்கும் முகட்டையும் குறிக்கும். அதற்கு ‘நீர்பிரிமேடு’ பார்த்திருக்கிறேன். எனக்கு ‘நீர்முகடு’ பிடிக்கிறது. ஓட்டு வீட்டு முகட்டில் மழை பிரிவதைப் பார்த்த பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம். ஆனால் அதில் ‘பிரி’ இல்லையே என்ற உறுத்தலும் இருக்கிறது. உங்கள் கருத்து?