ஒன்றரை வயதுப் பிள்ளையோடு பினாங்கில் இரண்டு இரவு: எந்த மாதிரி ஹோட்டல் எடுப்பது?

செந்தூல்வாசி:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயிறு திரும்புகிற மாதிரி பினாங்கு போகிறோம். நாங்கள் இருவர், 18 மாத மகள், திருச்சியிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியார். சொந்தக் கார்தான். மகள் மதியம் 12.30 முதல் 2.30 வரை தூங்கியே ஆக வேண்டும். கைக்கு எட்டுகிற எதிலும் ஏறிவிடுவாள். மாமியாருக்கு முழங்கால் வலி, இருவரும் சைவம்.

கடற்கரைப் பக்கம் பத்து பெரிங்கியா, நகருக்குள் ஜார்ஜ்டவுனா? முன்பதிவுத் தளங்களில் எந்த ஹோட்டலைத் திறந்தாலும் 'குடும்பத்துக்கு ஏற்றது' என்றுதான் போட்டிருக்கிறது. அது உண்மையா என்று வீட்டிலிருந்தே எப்படிச் சரிபார்ப்பது?

---

தஞ்சோங் பூங்கா:

வாங்க. முதலில் கணக்கைப் பாருங்கள். வெள்ளி மாலை வந்து சேருவீர்கள், ஞாயிறு 12 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். முழு நாள் என்று கையில் இருப்பது சனிக்கிழமை ஒன்றுதான். அதிலும் நடுவில் இரண்டு மணி நேரம் பிள்ளை தூக்கம். ஆகவே சனிக்கிழமை காலை எங்கே போகப் போகிறீர்களோ, அந்த இடத்துக்கு 15 நிமிடத் தூரத்தில் ஹோட்டல் இருக்க வேண்டும். போய்விட்டு 12 மணிக்குள் அறைக்குத் திரும்ப முடிந்தால்தான் தூக்கம் கட்டிலில் நடக்கும். இல்லையென்றால் காரில் 20 நிமிடம் கண்ணயர்ந்து எழுந்து, சாயங்காலம் முழுக்க அழுகைதான்.

பத்து பெரிங்கிக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் நடுவில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர். தூரம் குறைவுதான், ஆனால் தஞ்சோங் பூங்கா தாண்டியதும் சாலை மலைக்கும் கடலுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகும். சனி, ஞாயிறு மாலைகளில் அரை மணிப் பயணம் ஒரு மணி நேரமாகிவிடும். சாப்பிட்ட உடனே அந்த வளைவுகளில் பிள்ளையைக் கூட்டிப் போனால் வாந்தி வரும்.

கடற்கரை, தெலுக் பஹாங்கில் உள்ள எண்டோபியா வண்ணத்துப்பூச்சித் தோட்டம், மசாலாச் செடித் தோட்டம் (ஸ்பைஸ் கார்டன்), இதுதான் திட்டம் என்றால் பத்து பெரிங்கியில் தங்குங்கள். பார்க்ராயல், ஹார்ட் ராக் எல்லாம் கடற்கரையை ஒட்டியே இருக்கின்றன, சிறுவர் குளமும் உண்டு. எண்டோபியாவில் வெளித்தோட்டம் புழுக்கமாக இருக்கும். திறந்தவுடன் அதை முடித்துவிட்டு, வெயில் ஏறியதும் உள்ளே குளிரூட்டப்பட்ட பகுதிக்குப் போகலாம். பக்கத்திலுள்ள எஸ்கேப் பூங்கா பெரிய பிள்ளைகளுக்கானது. இந்த வயதுக்குப் பணம் வீண்.

மாமனார், மாமியாருக்குக் கோயில்தான் முக்கியம் என்றால் ஜார்ஜ்டவுன் கடலோரச் சாலையான கர்னி டிரைவ் பக்கம் பாருங்கள். லிட்டில் இந்தியாவும் குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலும் அங்கிருந்து கிட்ட, வாழை இலைச் சாப்பாடும் கிடைக்கும். தண்ணீர்மலையும் தூரமில்லை. ஆனால் மலைமேல் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள். முழங்கால் வலியோடு வேண்டாம். அதே சாலையில் கீழேயே நகரத்தார் கோயில் இருக்கிறது, சாமி கும்பிட்டுவிட்டு அப்படியே தாவரவியல் பூங்காவுக்குப் போகலாம். பிள்ளையின் தள்ளுவண்டி நன்றாக ஓடும் இடம் அது.

ஜார்ஜ்டவுன் பழைய கடைவீட்டு ஹோட்டல்கள் படத்தில் அவ்வளவு அழகாக இருக்கும். உங்களுக்கு அவை சரிவராது. பல இடங்களில் மின்தூக்கி கிடையாது, மரப்படி செங்குத்தாக இருக்கும், படிக்கட்டுக் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே பிள்ளை நுழையும் அளவு இடைவெளி, மரத்தளத்தில் மேலே நடந்தால் கீழே கேட்கும். வெளியே கடைகளை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் மோட்டார் சைக்கிள்கள் நிற்பதால் தள்ளுவண்டியைச் சாலையில்தான் தள்ள வேண்டியிருக்கும்.

---

ஹவுஸ்கீப்பிங்காரன்:

மேலே அவர் சொன்னது சரி. நான் அறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முன்பதிவுத் தளத்தில் 'பேபி காட்' (கம்பி அடைத்த குழந்தைக் கட்டில்) வேண்டும் என்று குறிப்பு எழுதுவது வெறும் வேண்டுகோள். ஹோட்டலைக் கட்டுப்படுத்தாது. இந்தக் குழந்தைக் கட்டில்கள் எண்ணிக்கையில் குறைவு. வெள்ளி மாலை ஆறு மணிக்கு வந்து கேட்டால் முன்னால் வந்தவர்கள் எடுத்திருப்பார்கள். முன்பதிவு எண்ணைப் போட்டு ஹோட்டலுக்கே மின்னஞ்சல் அனுப்பி, 'உறுதி செய்யப்பட்டது' என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கட்டிலின் படமும் கேளுங்கள். கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. மெத்தை கெட்டியாக இருக்க வேண்டும், ஓரத்தில் இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. மெத்தை மெல்லியது என்று தலையணை, போர்வையை அடியில் போட்டு விடாதீர்கள். மூச்சு முட்டுவது அதனால்தான்.

ஆனால் உங்கள் மகள் ஏறுகிறவள் என்கிறீர்கள். ஏறத் தொடங்கிய பிள்ளைக்குக் காட் ஆபத்து, தலைகுப்புற விழும். இதற்கு நல்ல வழி, கூடுதல் கட்டிலின் மெத்தையை மட்டும் தரையில் போட்டுத் தரச் சொல்வது. சுவரை ஒட்டிப் போடாதீர்கள், ஓர் அடியாவது தள்ளிப் போடுங்கள். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே சின்ன சந்து விட்டால் பிள்ளை உருண்டு அதில் சிக்கிக்கொள்ளும். பெரிய கட்டிலைச் சுவரோடு நெருக்கித் தள்ளினாலும் இதே கதைதான், ஏனென்றால் அடியில் சக்கரம் இருக்கும் கட்டில் ராத்திரி நகரும். 'குடும்ப அறை' என்று அடுக்குக் கட்டில் வைத்த அறையைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மேல்கட்டில் ஆறு வயதுக்குக் கீழ் ஆகவே ஆகாது, ஏணியோ உங்கள் மகளுக்கு விளையாட்டுச் சாமான்.

அடுத்து பால்கனி. கடலைப் பார்த்த அறைக்குக் கூடுதல் பணம் கட்டி, இரண்டு நாளும் கதவைப் பூட்டியே வைக்க வேண்டிவரும். கம்பி இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் இருந்தால் பிள்ளையின் உடல் நுழையும். குறுக்குக் கம்பி இருந்தால் அதுவே படிக்கட்டு. பால்கனி நாற்காலி, மேசையை அறைக்குள் கொண்டுவந்து விடுங்கள், அல்லது வரும் முன்பே எடுத்துவிடச் சொல்லுங்கள். இழுக்கும் கண்ணாடிக் கதவில் மேல்பூட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். கீழ்ப்பூட்டு மட்டும் என்றால் 18 மாதப் பிள்ளை ஒரே நாளில் கற்றுக்கொள்ளும்.

முழங்கால் வலிக்காகத் தரைத்தளம் கேட்கத் தோன்றும். தோட்டத்துக்கோ குளத்துக்கோ நேராகக் கதவு திறக்கும் தரைத்தள அறையை எடுக்காதீர்கள். மின்தூக்கிக்கு நாலு கதவு தள்ளி, இரண்டாவது மாடியில் கேளுங்கள். மின்தூக்கிக்கு நேர் எதிரே வேண்டாம், மணிச் சத்தத்தில் மதியத் தூக்கம் கெடும். அதே காரணத்துக்காகத்தான் குளத்தடி ஒலிபெருக்கிப் பக்கமும், கல்யாண மண்டப மாடியும் வேண்டாம். சனிக்கிழமை விருந்து இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டால் சொல்வார்கள்.

பெரியவர்களுக்கு இணைப்புக் கதவு உள்ள பக்கத்து அறை எடுங்கள். 'அடுத்தடுத்த அறை' வேறு, 'இணைப்புக் கதவு அறை' வேறு, எந்தச் சொல் பதிலில் வருகிறது என்று கவனியுங்கள். பிள்ளை தூங்கும்போது ஒருவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் உட்காரலாம். இருட்டறையில் நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

வரி விஷயம்: சுற்றுலா வரி ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்). மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கிடையாது. மாமனார் பெயரில் பதிந்த அறைக்கு இரண்டு இரவுக்கு 20 வெள்ளி வரும், தளத்தில் கட்டிய தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கவுண்டரில் கேட்பார்கள்.

---

குழந்தைகள் வார்டு தாதி:

தங்கச்சி, குளத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 'சிறுவர் குளம்' என்ற பெயரை நம்பாமல் ஆழத்தை எண்ணில் கேளுங்கள். 18 மாதப் பிள்ளை சுமார் 80 செ.மீ. உயரம். 30 செ.மீ. தண்ணீர் என்றால் இடுப்புக்குக் கீழே, நின்று விளையாடும். 60 செ.மீ. என்றால் கழுத்து. பெரிய குளத்திலிருந்து தனியாகப் பிரிந்திருக்கிறதா, அல்லது ஒரே குளம் சரிந்து ஆழமாகிறதா என்பதும் முக்கியம். சரிவான குளத்தில் இரண்டு அடி வைத்தாலே தரை போய்விடும்.

நீரில் மூழ்கும் பிள்ளை கத்தாது, கையை ஆட்டாது. சத்தமே இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பெரியவர்கள் நாலு பேர் இருக்கும் இடத்தில்தான் 'அவர் பார்க்கிறார்' என்று ஆளாளுக்கு நினைத்துக்கொள்வார்கள். 15 நிமிடத்துக்கு ஒருவர் என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றுங்கள். அந்த ஆள் தண்ணீருக்குள், கை எட்டும் தூரத்தில், கைப்பேசி இல்லாமல் இருக்க வேண்டும். கையில் மாட்டும் காற்றுப்பை விளையாட்டுப் பொருள், உயிர்காப்பு அல்ல.

சாதாரண பெம்பர்ஸ் குளத்தில் ஊறிக் கனத்துவிடும். நீச்சல் பெம்பர்ஸ் தனியாக வாங்குங்கள். அது மலத்தைத்தான் ஓரளவு தடுக்கும், சிறுநீரைத் தடுக்காது. எனவே குளத்துக்குப் போகும் கடைசி நிமிடத்தில் மாட்டுங்கள். காலை 10-க்கு முன், மாலை 4.30-க்குப் பின், ஒரு தடவைக்கு அரை மணி போதும். உதடு நீலமாகும் முன் வெளியே எடுத்துவிடுங்கள்.

கடலில் இறக்க வேண்டாம் என்பது என் கருத்து. பினாங்கின் வடக்குக் கடற்கரையில் ஜெல்லி மீன் உண்டு, பெட்டி ஜெல்லி வகையும் சேர்த்து. சின்ன உடம்பில் விஷம் வேகமாக வேலை செய்யும். மணலில் விளையாடட்டும். பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். வினிகரை அரை நிமிடமாவது விடாமல் ஊற்றி, உடனே அவசர எண் 999-ஐ அழையுங்கள். ஹோட்டல் உயிர்காப்பாளரிடம் வினிகர் இருக்கிறதா என்று போன அன்றே கேட்டு வைக்கலாம்.

குளியலறையில் வெந்நீரைச் சோதியுங்கள். ஹோட்டல் குழாயில் 60 டிகிரி வந்தால் சில வினாடியிலேயே பிள்ளையின் தோல் வெந்துவிடும். முதலில் பச்சைத்தண்ணீர், பிறகு வெந்நீர் கலந்து, முழங்கையால் பாருங்கள். தொட்டி இருந்தால் தரைக்கு ரப்பர் விரிப்பு கேளுங்கள். கெட்டிலின் ஒயர் மேசையிலிருந்து தொங்கக் கூடாது.

---

செந்தூல்வாசி:

எல்லோருக்கும் நன்றி. தரை மெத்தை யோசனை மனதுக்கு நிம்மதியாக இருக்கிறது. கடற்கரை ஆசையை விட்டுவிட்டு கர்னி பக்கமே தேடுகிறேன். இன்னொரு சந்தேகம்: ராத்திரிப் பாலுக்கு அறைக் குளிர்சாதனப் பெட்டி போதுமா? காலைப் பசியாறலில் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

---

ஹவுஸ்கீப்பிங்காரன்:

அறைப் பெட்டியை நம்பாதீர்கள். சத்தம் வராத சின்னப் பெட்டிகள் பெரும்பாலும் 8 முதல் 12 டிகிரி வரைதான் குளிரும், பாலுக்கு 4 வேண்டும். அதோடு, பல ஹோட்டல்களில் அறை அட்டையை உருவியதும் பெட்டியின் மின்சாரமும் போய்விடும். காலையில் வெளியே போய் மதியம் வந்தால் பால் கெட்டிருக்கும். 125 மில்லி யூ.எச்.டி. பால் பெட்டிகள் வாங்கி வாருங்கள், பிரிக்கும் வரை குளிர் தேவையில்லை. தாய்ப்பால் என்றால் பெயர், அறை எண் எழுதி சமையலறைக் குளிர்பெட்டியில் வைக்கச் சொல்லலாம். முன்கூட்டியே கேட்டால் செய்வார்கள்.

பசியாறலில் கஞ்சி, முட்டை, ரொட்டி, பழம் நிச்சயம் இருக்கும். கஞ்சி பெரும்பாலும் கோழிச்சாறில் வேகும், மாமியாருக்கு எடுக்கும் முன் கேளுங்கள். உயர நாற்காலியில் இடுப்புப் பட்டை இருக்கிறதா பாருங்கள். பட்டை இல்லாமல் ஏறும் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். ஏழரைக்குள் போய்விட்டால் கூட்டம் இருக்காது.

அறை எண்களை அநேகமாக முதல் நாளே ஒதுக்கிவிடுவார்கள். வியாழக்கிழமை காலை பத்து மணிவாக்கில் ஹோட்டலை அழைத்து இணைப்புக் கதவு, தரை மெத்தை, பால்கனி நாற்காலி மூன்றையும் திரும்பச் சொல்லி, பேசியவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.