நகரும் ஊர் கிருனாவில் நாங்கள் சந்தித்த மனிதர்கள்

கிருனாக்காரி:

ஸ்வீடனின் வடகோடியில் உள்ள கிருனாவில் இருந்தவர்கள், போய் வந்தவர்கள் இருந்தால் இங்கே எழுதுங்கள். வடதுருவ ஒளி, யூக்காஸ்யார்வி பனி ஹோட்டல் படங்களை எல்லாரும் பார்த்துவிட்டோம். எனக்கு அங்கே நீங்கள் சந்தித்த மனிதர்களைப் பற்றிக் கேட்க வேண்டும். நானே தொடங்குகிறேன்.

நான்கு வருடம் அங்கே முதியோர் பராமரிப்பு வேலையில் இருந்தேன். வீடு வீடாகப் போய் மாத்திரை எடுத்துக் கொடுப்பது, ஓட்ஸ் கஞ்சி காய்ச்சுவது, காலுறை மாட்டிவிடுவது. டிசம்பர் நடுவில் இருந்து சில வாரம் சூரியன் எழவே எழாது. அந்த நீல இருட்டில் தெருவில் பனி நெரிபடும் சத்தம்தான் துணை.

போன முதல் நாள் இரவு ஒன்றரை மணி இருக்கும். அலமாரியில் இருந்த கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று லேசாக உரசின. கட்டில் ஒரு முறை அசைந்து நின்றது. நிலநடுக்கம் என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் காலை நான் போன முதல் வீடு, சுரங்கத்தில் 38 வருடம் வேலை பார்த்த ஒரு பெரியவருடையது. அவரிடம் சொன்னேன். பதிலுக்கு அவர் உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுத்தார், ‘ஹ்ஷூப்’ என்று. உடம்பு சரியில்லையோ என்று பயந்து நாடி பிடிக்கப் போனேன். அப்புறம்தான் தெரிந்தது, வடக்கில் ‘ஆமாம்’ சொல்வது அப்படித்தான். சுரங்கத்தில் தினமும் இரவில்தான் வெடி வைப்பார்களாம். ‘அது கேட்காத இரவில்தான் எங்களுக்குத் தூக்கம் வராது’ என்றார்.

அந்த வெடிதான் ஊரையே நகர்த்துகிறது. கீருனவாரா மலையின் இரும்புத்தாது ஒரு பெரிய பலகை சாய்ந்து கிடப்பது போல, மலையில் தொடங்கி ஊருக்கு அடியில் இறங்குகிறது. நீளம் 4 கிலோமீட்டர். இப்போது 1,365 மீட்டர் ஆழத்தில் இருக்கும் தளத்தில் இருந்துதான் தாது மேலே வருகிறது. கீழே எடுக்க எடுக்க, மேலே இருக்கும் பாறை சரிந்து இறங்குகிறது. சுரங்கத்தை நடத்தும் எல்கேஏபி அரசு நிறுவனம். நிலம் நெகிழ்ந்து ஊர் வரைக்கும் வருகிறது என்று 2004-ல் நகராட்சிக்குத் தெரிவித்தது. வீட்டுக்காரர்களுக்குச் சந்தை விலையும் அதற்கு மேல் 25 சதவீதமும் கிடைக்கும், இல்லையென்றால் வேறொரு வீடு. கிழக்கே 3 கிலோமீட்டர் தள்ளிப் புது மையம் கட்டி 2022 செப்டம்பரில் திறந்தார்கள்.

என் பெரியவர் பணத்தை வாங்கிக்கொண்டு புது மையத்தில் அடுக்குமாடி வீட்டுக்குப் போனார். பழைய வீட்டைக் காலி செய்த நாளில் நானும் அங்கே இருந்தேன். சாமான்கள் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. அவர் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வாசலில் மண்டியிட்டு, கதவின் பித்தளைக் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். மனைவி இருந்த காலத்தில் போட்டது. பித்தளை ஒரு பக்கம் மட்டும் வெளுத்துத் தேய்ந்து இருந்தது. ‘இது அவளுடைய கை’ என்றார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். சுரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. ‘சுரங்கம் இல்லையென்றால் ஊர் இல்லை’ என்றார், அவ்வளவுதான்.

இந்த வாக்கியத்தை அங்கே நான் எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. நீங்களும் கேட்டீர்களா?

ஸ்டாக்ஹோம்வாசி:

கேட்டேன் அக்கா. தேவாலயம் நகர்ந்த அன்று கேட்டேன்.

2025 ஆகஸ்ட் 19, 20 இரண்டு நாளும் அங்கே இருந்தேன். 1912-ல் கட்டி முடித்த மரக்கோயில் அது. ஸாமி பழங்குடி மக்களின் குடில் வடிவத்தை மனதில் வைத்து குஸ்தாவ் விக்மன் வரைந்தது. பீடத்து ஓவியம் இளவரசர் யூஜேன் தீட்டியது. 672 டன் எடை. ஒரு பலகைகூடப் பிரிக்காமல் அப்படியே தூக்கி, சக்கர மேடைகள் மேல் வைத்து 5 கிலோமீட்டர் கொண்டு போனார்கள். அதற்காகவே வழியை அகலப்படுத்தியிருந்தார்கள்.

வேகம் மணிக்கு அரை கிலோமீட்டர். நகர்கிறதா இல்லையா என்றே தெரியாது. கோயிலின் சிவப்புச் சுவருக்குப் பின்னால் ஒரு விளக்குக் கம்பம் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கம்பம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவருக்குப் பின்னால் மறைந்ததை வைத்துத்தான் நகர்கிறது என்று புரிந்தது. கூட்டம் முழுக்க மடக்கு நாற்காலி, பிளாஸ்க்கில் காப்பி. சத்தமே இல்லை. அத்தனை ஆயிரம் பேர் பேசாமல் நின்றதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பக்கத்தில் அறுபது வயது இருக்கும் ஒரு அம்மா. அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர். எனக்கும் ஒரு கப் காப்பி ஊற்றிக் கொடுத்தார். ‘சுரங்கம் இல்லையென்றால் ஊர் இல்லை’ என்று அவரும் சொன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அப்புறம் ஒன்று சொன்னார். கோயில் போய் நிற்கும் புது இடம் கல்லறைத் தோட்டத்துக்கு அருகில். அவருடைய அப்பா அம்மா அங்கேதான் இருக்கிறார்கள். ‘இத்தனை வருஷம் அவர்கள் கோயிலை விட்டுத் தூரமாக இருந்தார்கள். இனிமேல் பக்கம்’ என்றார்.

மறுநாள் மன்னர் வந்தார், தொலைக்காட்சி வந்தது, கைதட்டல் எல்லாம் இருந்தது. எனக்கு மனதில் நிற்பது அந்த அம்மா சொன்னதுதான்.

ஒப்பந்தப் பணியாளர்:

நான் 2018-ல் ஆறு மாதம் ஸ்வாப்பவாராவில் வேலை பார்த்தேன். கிருனா நகராட்சியைச் சேர்ந்த சின்னச் சுரங்க ஊர். அங்கே சவுனாவில், அதாவது சூடான கல்லில் தண்ணீர் ஊற்றும் நீராவிக் குளியல் அறையில், எழுபது கடந்த ஒருவர் பழக்கமானார். சூட்டில் உட்கார்ந்தால்தான் பேச்சு வரும் அவருக்கு.

1969 டிசம்பர் 9 அன்று பெரிய வேலைநிறுத்தம் அங்கேதான் தொடங்கியது. கிருனாவுக்கும் இன்னொரு சுரங்க ஊரான மால்ம்பெர்யெத்துக்கும் பரவி, சுமார் 4,700 பேர் வேலையை நிறுத்தினார்கள். 57 நாள். அவருக்கு அப்போது 22 வயது. முதலாளி அரசு, ஆட்சியில் தொழிலாளர் கட்சி, ஓலோஃப் பால்மே பிரதமராகி இரண்டு மாதம்தான். தொழிற்சங்கமும் வேலைநிறுத்தத்தை ஏற்கவில்லை. ஒவ்வொரு அசைவுக்கும் இத்தனை விநாடி என்று கணக்குப் போட்டு, அதை வைத்துக் கூலி கொடுத்த முறைதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ‘நாங்கள் இயந்திரங்கள் இல்லை’ என்று பலகை எழுதிப் பிடித்தார்கள்.

‘யாரை எதிர்ப்பது என்று தெரியாமல் முதல் வாரம் திணறினோம். நாங்கள் ஓட்டுப் போட்ட ஆட்கள், எங்கள் சங்கம், எங்கள் கம்பெனி. எல்லாமே எங்களுடையது, ஆனால் பேச எங்களுக்கு இடமில்லை’ என்றார். தண்ணீரை எடுத்துக் கல்லில் ஊற்றினார். ஆவி அடங்கும் வரை இருவரும் பேசவில்லை.

அக்கா சொன்ன வாக்கியத்தை அவரிடம் கேட்டேன். அவர் அதைத் திருப்பிப் போட்டார். ‘ஊர் இல்லையென்றால் தாதுவை யார் எடுப்பது?’

லூலியோ மாணவி:

அக்கா, நீங்கள் யாரும் ஸாமி மக்களைச் சந்திக்கவில்லையா? கிருனா என்ற பெயரே அவர்களுடைய ‘கிரோன்’ என்ற சொல்லில் இருந்து வந்தது. வெண்மையான ஒரு பனிக்கோழி. ஊர்ச் சின்னத்தில் அந்தக் கோழியும் இரும்பின் குறியும் இருக்கும்.

படிப்புக்காக 2023-ல் ஒரு கலைமான் மேய்ப்பரோடு இரண்டு நாள் இருந்தேன். முதல் மணி நேரத்திலேயே தப்பு செய்தேன். எத்தனை மான் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவருடைய மகள் என்னைத் தனியாக அழைத்து, வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பது போல அது என்று மெதுவாகச் சொன்னாள். மன்னிப்பு கேட்டேன். பெரியவர் காப்பியில் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டு நீட்டினார். கறுப்புக் காப்பியில் ஊறிய அந்தக் கட்டியைக் கடித்தால் பல்லில் ‘கிறீச்’ என்னும்.

கோடையில் நார்வே எல்லை மலைப் பக்கம், குளிர்காலத்தில் கிழக்கே காட்டுப் பக்கம். இதுதான் மானின் நடை. நடுவில் கிருனா, சுரங்கம், ரயில் பாதை, ஈ-10 சாலை. 1902-ல் நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்கு ரயில் போனதில் இருந்து அந்த வழி ஒடுங்கிக்கொண்டே வருகிறது. 2023 ஜனவரியில் எல்கேஏபி, பேர் யெய்யெர் என்ற கனிமப் படிவில் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அருமண் உலோகங்களின் ஆக்சைடுகள் இருப்பதாக அறிவித்தது. ஐரோப்பாவில் தெரிந்தவற்றில் மிகப் பெரியது என்று உலகம் முழுக்கச் செய்தி. மின்சாரக் காருக்கும் காற்றாலைக்கும் வேண்டிய காந்தம் அதில் இருந்துதான். காப்னா என்ற ஸாமி மேய்ச்சல் சமூகத்துக்கு மிச்சம் இருக்கும் வழி அந்தப் பக்கம்தான். அங்கே சுரங்கம் வந்தால் வழி அறுந்துவிடும் என்று அதன் தலைவர் லார்ஸ்-மார்குஸ் குமுனென் வெளிப்படையாகப் பேசி வருகிறார்.

நான் தங்கிய வீட்டில் செய்தி ஓடியபோது யாரும் கத்தவில்லை. மகள் ஒரு வரைபடத்தை விரித்து, பென்சிலால் மான் போகும் கோட்டைக் காட்டினாள். ஒரு இடத்தில் கோடு அவள் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. ‘ஊரை நகர்த்தலாம். மானுக்கு அதன் வழியை மாற்றிச் சொல்லிக் கொடுக்க முடியாது’ என்றாள். பூமியைக் காப்பாற்றத்தான் இந்த உலோகம் என்று படித்துவிட்டுப் போனவள் நான். அதற்கு அப்புறம் அந்தப் பேச்சை அவ்வளவு சுலபமாகச் சொல்ல வருவதில்லை.

புதியவன்:

எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு பெரிய சுரங்கம் இருந்தால் நகராட்சியிடம் பணம் கொட்டுமே? கொடுக்கல் வாங்கலில் அவர்கள் கைதானே ஓங்கி இருக்கும்?

கிருனாக்காரி:

நல்ல கேள்வி தம்பி. கை ஓங்கவே இல்லை.

கம்பெனி வரியும் லாபமும் நேராக அரசுக்குப் போகிறது. நகராட்சிக்கு முக்கிய வருமானம் அங்கே குடியிருப்பவர்களின் சம்பளத்தில் இருந்து வரும் வரிதான். விமானத்தில் வந்து இரண்டு வாரம் வேலை பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் தன் சொந்த ஊரில் வரி கட்டுவார். கிருனா நகராட்சியின் பரப்பு சுமார் 20,000 சதுர கிலோமீட்டர், ஏறக்குறைய ஸ்லோவேனியா நாடு அளவு. மக்களோ 22,000 சொச்சம். இத்தனை நிலம் இருந்தும் நினைத்த இடத்தில் வீடு கட்ட முடியாது. இங்கே கனிமம், அங்கே மான் வழி, இன்னொரு பக்கம் அரசு நிலம். மற்ற வேலைக்கு ஆளும் கிடைக்காது. என்னோடு பராமரிப்பு வேலையில் இருந்த மூன்று பேர் ஒரே வருடத்தில் சுரங்கத்துக்குப் போனார்கள். சம்பளம் அப்படி. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் பார்த்த முதியவர்களுக்குக் காலைக் கஞ்சி பதினொரு மணிக்குத்தான் போனது. பிரசவம் என்றால் 120 கிலோமீட்டர் தள்ளி யெல்லிவாரே ஊர் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பனிப்புயல் நேரத்தில் அந்தப் பயணத்தை நினைத்துப் பாருங்கள்.

அதனால்தான் அங்கே நகராட்சித் தலைமைக்கு எந்தக் கட்சி வந்தாலும், 2018-ல் சென்டர் கட்சியின் குன்னார் செல்பெர்க் வந்தார், 2022-ல் சமூக ஜனநாயகக் கட்சியின் மாட்ஸ் தாவெனிகு வந்தார், எல்கேஏபியோடும் ஸ்டாக்ஹோமோடும் நிலத்துக்கும் பணத்துக்கும் மல்லுக்கட்டவே பாதி நேரம் போகிறது. கோயில் நகர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், இன்னும் சுமார் 6,000 பேரும் 2,700 வீடுகளும் இடம் மாற வேண்டியிருக்கும் என்று எல்கேஏபி அறிவித்தது. அந்தச் செய்தி வந்த மாலை எனக்கு அங்கிருந்து நான்கு போன் வந்தது. நால்வருமே அறுபதுக்கு மேல்.

லூலியோ தங்கை சொன்ன வரைபடம் மனதை விட்டுப் போகவில்லை. நான் நான்கு வருடம் இருந்தும் அந்தக் கோட்டை யாரும் எனக்குக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று சொல்கிறேன். புது நகராட்சிக் கட்டடத்துக்குப் பெயர் கிரிஸ்டாலென். 2018-ல் திறந்தார்கள். வாசல் கதவின் கைப்பிடிகள் மட்டும் பழையவை, இடிக்கப்பட்ட பழைய கட்டடத்தில் இருந்து கொண்டு வந்தது. எசாயாஸ் போக்காட்ஸ் என்ற ஸாமி கைவினைக் கலைஞர் மரத்திலும் கலைமான் கொம்பிலும் செய்தது. என் பெரியவரை அவருடைய வீடு சம்பந்தமான ஒரு வேலைக்காக அங்கே அழைத்துப் போனேன். கதவருகே வந்ததும் கையுறையைக் கழற்றினார். வெளியே மைனஸ் இருபது. வெறும் கையால் அந்தக் கொம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.